வியாழக்கிழமை சேர்ந்த கேப்டன்

என் அக்கா பர்வதத்தின் கணவர் வெங்கடராகவன், அதாவது என் அத்திம்பேர், ஊரப்பாக்கத்திலேயே ஒரே விமானி. எங்கள் தெருவில் மற்ற எல்லோரும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிற சாதி. அதனால் அவருக்குத் தனி மரியாதை. சிலிண்டர் போடுகிறவர்கூட, "கேப்டன் வூடு எங்க கீது?" என்றுதான் கேட்பார். வாசல் கேட்டில் 'கேப்டன் வெங்கடராகவன்' என்று பித்தளைப் பலகை. அதை வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்ப்பது என் அக்காவின் வேலை.

கேப்டன் என்றால் விமானத்தில் இடது நாற்காலியில் உட்காருகிறவர், தோளில் நான்கு பட்டை. வலது நாற்காலியில் துணை விமானி, மூன்று பட்டை. திறமையைப் பார்த்துத்தான் இடது நாற்காலி கொடுப்பார்கள் என்று பயணிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும், பயமில்லாமல் ஏறுவார்கள். திறமை தேர்வுக்குத்தான். அதற்கப்புறம் எல்லாம் சீனியாரிட்டி பட்டியல். இடது நாற்காலி, தீபாவளி லீவு, நல்ல ரூட்டு எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். கம்பெனி கார் வீட்டுக்கு வந்து அழைத்துப்போகும்போதும் ஜூனியரை முதலில் ஏற்றிக்கொண்டு கேப்டனைக் கடைசியில்தான் ஏற்றும். அரை மணி கூடுதலாகத் தூங்கலாம் பாருங்கள்.

இதையெல்லாம் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் மதுராந்தகம் தாலுகா ஆபீஸ் கிச்சா. 1990-ல் வேலையில் சேர்ந்த அன்று விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய், தாசில்தார் வருவதற்கு முன்பே வாசலில் நின்று, 'முற்பகல்' என்று எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டவன். அதே நாள் சாப்பாட்டுக்கு மேல் செல்லம்மா என்கிற அம்மாள் வந்து 'பிற்பகல்' என்று சேர்ந்தார். அந்த மூன்று மணி நேரத்துக்காக அவர் ஆயுளுக்கும் எனக்கு ஜூனியர். பிரமோஷனும் எனக்குத்தான் முதலில் வந்தது. நான் ஒன்றும் வெட்கப்படவில்லை.

1993-ல் நெய்தல் ஏர்வேஸ் என்று ஒரு புதிய கம்பெனி முளைத்தது. மொத்தம் இரண்டு விமானம். அத்திம்பேருக்கும் அவருடைய நண்பர் கோவளம் சைஃபுல்லாவுக்கும் ஒரே தபாலில் உத்தரவு வந்தது: திங்கட்கிழமை மீனம்பாக்கத்தில் வந்து சேரவும். சைஃபுல்லா திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தார். உத்தரவு சொன்னதைச் செய்தார், அவ்வளவுதான்.

அத்திம்பேரின் அப்பா சிங்கப்பெருமாள் கோவிலில் கோயில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பஞ்சாங்கத்தை எடுத்தார். திங்கள் அஷ்டமி. செவ்வாய் நவமி. புதன் வடக்கே சூலம். மீனம்பாக்கமோ எங்களுக்கு நேர் வடக்கே இருந்து தொலைத்தது. வியாழன்தான் எல்லாம் கூடி வந்தது. "வயித்து வலின்னு சொல்லிடு. ஆகாசத்துல பறக்கப் போறவன், நாள் பார்க்காம போகலாமோ?" என்றார். விமானத்தை மேலே தூக்குவது இன்ஜின் இல்லை, வியாழக்கிழமை என்பது அவர் கட்சி.

அத்திம்பேர் என் பக்கம் திரும்பினார். "கிச்சா, நீ கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்கே. மூணு நாள்ல சீனியாரிட்டி ஏதாவது போயிடுமோ?"

"அதெல்லாம் ஒண்ணும் குடி முழுகாது அத்திம்பேர்" என்றேன்.

குடி முழுகவும் இல்லை, பதினாலு வருஷத்துக்கு. சைஃபுல்லா ஆறாவது, இவர் ஏழாவது. ஒரு எண்தான் வித்தியாசம். 2001-ல் இருவரும் ஒரே மாதத்தில் கேப்டன் ஆனார்கள். பித்தளைப் பலகை வந்தது. வியாழக்கிழமையின் மகிமை என்று பெரியவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனி விமானிகளுக்கு ஒரு சங்கமும் இருந்தது. கொடி, ஊர்வலம் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். மொத்த உறுப்பினர் பதினாலு பேர். ஏழு கேப்டன், ஏழு துணை விமானி. அதில் பாதிப் பேர் எந்நேரமும் வானத்தில் இருப்பார்கள், மீதிப் பேர் தூங்குவார்கள். தலைவர் சைஃபுல்லா, செயலாளர் அத்திம்பேர். 2002-ல் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டபோது அத்திம்பேர் தன் கையாலேயே ஒரு ஷரத்து எழுதிச் சேர்த்தார். நாளைக்கு யாராவது இந்தக் கம்பெனியை வாங்கினால், இரண்டு பக்கத்து விமானிகளையும் வேலையில் சேர்ந்த தேதிப்படிதான் ஒரே பட்டியலாக ஆக்க வேண்டும். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவர் முன்னால். ஓட்டை விமானம் இரண்டை எவன் வாங்கப் போகிறான் என்று நிர்வாகம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது.

2007-ல் வாங்கினான். பம்பாய்க்காரர்களின் மகாதேஜ் ஏர்லைன்ஸ். அவர்களுக்கு வேண்டியது விமான நிலையங்களில் ஏறவும் இறங்கவும் நெய்தலுக்கு இருந்த நேர ஒதுக்கீடு. கூடவே வந்த பதினாலு விமானிகளை, வீடு வாங்கினால் கூட வரும் ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு விமானிகள் சங்கம் இருந்தது. தொழிலாளர் ஒற்றுமை பற்றி அரை மணி பேசிவிட்டு, நெய்தல்காரர்கள் பதினாலு பேரையும் பட்டியலின் கடைசியில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கடைசியில் ஒட்டினால் ஏழு கேப்டன்களும் வலது நாற்காலிக்குப் போவார்கள். அதோடு போனாலும் பரவாயில்லை. ஆட்குறைப்பு வந்தால் கடைசியில் இருப்பவர்கள்தான் முதலில் வீட்டுக்கு. ஆட்குறைப்பு வரும் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும்.

அத்திம்பேர் தன் ஷரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தார். லேபர் கமிஷனர், வக்கீல், டில்லி. கடைசியில் மகாதேஜ் நிர்வாகம் பேச்சு வார்த்தைக்கு ஒப்புக்கொண்டு, மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் ரூம் போட்டது. சர்வீஸ் விதி தெரிந்த ஆள் என்று என்னையும் கூட்டிப்போனார். எனக்கு மெடிக்கல் லீவ், மூன்று வேளையும் சாப்பாடு.

முதல் நாள் பிற்பகலில்தான் இரண்டு தரப்பும் பட்டியலை மாற்றிக்கொண்டன. அதுவரை மகாதேஜ் ஆட்கள் தாங்கள் சேர்ந்த தேதிகளை ராணுவ ரகசியம் மாதிரி மூடி வைத்திருந்தார்கள். ஷரத்துப்படி சேர்த்தால் எப்படி வரும் என்று ஒரு பட்டியல் அடித்துக் கொடுத்தார்கள். முதல் தொண்ணூறு பேர் அவர்களுடைய பழைய ஆட்கள். பிறகு நம் ஆறு பேர். சைஃபுல்லா தொண்ணூற்றாறு. அத்திம்பேரின் விரல் தொண்ணூற்றேழில் வந்து நின்றது. அங்கே வேறு யாரோ பெயர். விரல் கீழே போயிற்று. மகாதேஜ் கம்பெனி 1993-ல் ஒரே நாளில் அறுபத்திரண்டு பேரை மொத்தமாக வேலைக்கு எடுத்திருக்கிறது. அந்த நாள் எது? அதே வாரம், புதன்கிழமை.

திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவே அறுபத்திரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அத்திம்பேர் நூற்று ஐம்பத்தொன்பது. இடது நாற்காலி நூற்றைம்பதோடு சரி.

சைஃபுல்லா பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். "இன்னா மச்சான் இது? நீயும் நானும் ஒண்ணாத்தானே பரீட்சை எழுதினோம்! உனக்கு அன்னிக்கு வயித்து வலின்னு தானே சொன்னே?"

"வயித்து வலி இல்லடா. சூலம்" என்றார் அத்திம்பேர்.

சைஃபுல்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மற்ற ஆறு கேப்டன்களின் நாற்காலியும் பத்திரம். துணை விமானிகள் ஏழு பேரும் பட்டியலின் நடுவில் வந்துவிட்டதால் அவர்களின் வேலையும் பத்திரம். ஷரத்து பதின்மூன்று பேரைக் காப்பாற்றியிருந்தது. காப்பாற்றாமல் விட்டது அதை எழுதியவரை மட்டும்தான்.

மகாதேஜின் பெர்சனல் மேனேஜர் ஜெயந்த், பம்பாயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், அன்று சாயங்காலம் புல்தரையில் எங்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். அத்திம்பேருக்காக மனசு உருகினார். உருகிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "சார், உங்களைப் பயிற்சி மேனேஜரா போட்டுடறோம். அது பட்டியலுக்கு வெளியே இருக்கிற போஸ்ட். நாலு பட்டை, இடது சீட், ரிட்டயர் ஆகிற வரைக்கும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். சங்கச் செயலாளரா, அந்தப் பழைய ஷரத்தை வற்புறுத்தலைன்னு ஒரு கையெழுத்து. நாளைக்குக் காலைல சொன்னா போதும்."

மற்ற பதின்மூன்று பேர்? அவர்களைப் பற்றி ஜெயந்த் பேசவே இல்லை. காபியில் சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டார்.

திருக்கழுக்குன்றம் வழியாக வீட்டுக்குத் திரும்பும்போது செங்கல்பட்டு வரைக்கும் நான்தான் பேசினேன். "போடுங்கோ கையெழுத்தை. அந்தப் பதின்மூணு பேர்ல உங்களுக்காக யார் இப்படி அலைவா? பலகையில கேப்டன்னு போட்டுண்டு ஆறு வருஷம் ஆச்சு. இப்போ போய் வலது சீட்டுல உட்கார்ந்தா ஊர்ல என்ன சொல்வா?"

"ஷரத்தை எழுதினது நான்டா, கிச்சா" என்றார். "நல்லா இருந்தா என் ஷரத்து, இல்லேன்னா இல்லைன்னு சொல்ல முடியுமா?"

மறுநாள் காலை ஷரத்துப்படியே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் தரப்பில் முதல் கையெழுத்து செயலாளருடையது. பதின்மூன்று பேரும் கை தட்டினார்கள். அதில் நாலைந்து பேர் அடுத்த வாரமே மகாதேஜ் சங்கத்துக்குச் சந்தா கட்டிவிட்டு, அத்திம்பேரை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தால் செல்போனில் பேசுகிற மாதிரி நடக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பெரியவரிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். புதன், வியாழன், அறுபத்திரண்டு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தார். வீட்டில் ரேஷன் கார்டு தொலைந்தாலும் தொலையும், அது தொலையாது.

"புதன் வடக்கே சூலம். அது சரிதான். ஆனா அதுக்குப் பரிகாரம் போட்டிருக்கே, பால். ஒரு டம்ளர் பால் குடிச்சுட்டுப் புதன்கிழமையே கிளம்பியிருக்கலாமே! இவன் ஏன் அன்னிக்குக் கேக்கலை?"

புதன்கிழமை போயிருந்தால், ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவர் என்று அத்திம்பேர் தொண்ணூற்றேழாக வந்திருப்பார். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு மாடு இருந்தது.

இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் கிண்டல் செய்தாயிற்று. இனி என் கதை. 1993-ல் அத்திம்பேர் என்னைக் கேட்டாரே, அப்போது எனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் ஒருத்தியை ஆயுளுக்கும் கீழே தள்ளும் என்று தெரிந்தவனுக்கு மூன்று நாள் என்ன செய்யும் என்று தெரியாதா? நான் சின்னப் பையனாக இருந்தபோதே விமானம் ஓட்ட வேண்டும் என்று வீட்டில் கேட்டு, டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பப்பட்டவன். அத்திம்பேர் அந்த உத்தரவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் பின்னால்தான் போகட்டுமே என்று தோன்றியது. நிஜமாக வயிற்றில் கோளாறு இருந்தவன் அன்று நான் ஒருத்தன்தான்.

புதிய பட்டியல் அமலுக்கு வந்த அன்று காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்திம்பேர் மூன்று பட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரோடு கேட்டுக்கு வந்தார். என்னைப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. அவர் திருகாணிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி கார் வந்து நின்றது. அன்று இவருடைய கேப்டன் சைஃபுல்லா. ஜூனியரை முதலில் ஏற்ற வேண்டிய கார். ஆனால் பின் சீட்டில் சைஃபுல்லா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கோவளத்தில் தன்னை முதலில் ஏற்றிக்கொள்ளச் சொல்லி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னா நைனா இது, ரூல் இன்னா ஆவறது?" என்றார் அத்திம்பேர், அவர் பாஷையிலேயே.

"ரூலு கெடக்குது, வா மச்சான், நாஸ்தா துன்னுட்டியா?" என்றார் சைஃபுல்லா. பலகையைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்திம்பேர் காரில் ஏறப் போனவர், திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "நீ ஏன்டா முகத்தை இப்படி வெச்சுண்டிருக்கே? அன்னிக்கு மூணு நாள்ல ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னோமேன்னு நினைச்சுக் குமையறியா? அசடு. சேர்ந்து மூணு வருஷம் ஆன கிளார்க், உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

பலகையை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாம் அத்திம்பேர், தெரியாது" என்றேன்.