தன்னிடம் ஓடி வராத குட்டி

கட்சால் தீவிலிருந்து போர்ட் பிளேர் துறைக்கு வந்த கப்பலில் முதலில் இறங்கியவை ரப்பர் ஷீட் கட்டுகள். அவற்றுக்குப் பின்னால்தான் ஆட்கள். அவர்களில் ஒருவரான தோட்டத் தொழிலாளி வீரன், என்னைப் பார்த்ததும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "கிளாக்கரய்யா, முத்தையா அண்ணன் போயிட்டாருங்க. அடக்கமெல்லாம் போன வாரமே முடிஞ்சிருச்சு" என்றார். இந்தத் தீவுகளில் சாவுச் செய்தி இப்படித்தான் வரும். அழுவதற்குக்கூட அடுத்த கப்பல் வரவேண்டும்.

கட்சால் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் அவரோடு இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முத்தையா அண்ணனைப் பற்றி உங்களிடையே ஒரு பேச்சு உண்டு. நல்ல பால்வெட்டுக்காரர், ஆனால் ஈரமில்லாத மனுஷன், வளர்க்கிற நாயைக்கூட ஒருநாள் தடவிக்கொடுத்ததில்லை என்பீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருந்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனி அது என்னைக் கட்டாது.

தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க்காக இருந்த காலத்துப் பழக்கம். நான் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்த பிறகு, நெஞ்சுவலியும் இருமலுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கராச்சர்மாவில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். அப்போது எங்கள் நாய் ராணி விறகுக் கொட்டகையில் நாலு குட்டி போட்டிருந்தது. "என் பொஞ்சாதி லெட்சுமிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டார். சிலோனை விட்டு வரும்போது அவர்களுடைய ஒரே மகனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம், இவர்களுக்கு இந்த நாட்டுக் காகிதம் என்றாகி, மகன் அங்கேயே தங்கிவிட்டான். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. "நான் எதிர்ல உக்காந்தாத்தான் திங்கிறா" என்றார்.

குட்டி பார்க்க ஆளாளுக்கு ஒரு சாஸ்திரம். என் மனைவி, "கழுத்துல பிடிச்சுத் தூக்கிப் பாருங்கண்ணே. கத்தலைன்னா அதுதான் தைரியசாலி" என்றாள். அவர் எதையுமே தூக்கவில்லை. லெட்சுமி அக்காவின் பழைய புடவைக் கிழிசல் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து விரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். தினமும் இதே வேலை. செவலைக் கடுவன் ஒன்று அவரைக் கண்டதும் பாய்ந்து வந்து வேட்டியைக் கவ்வும். எங்கள் எல்லாருக்கும் அதுதான் செல்லம். அவரோ காலால் அதை மெல்லத் தள்ளுவார்.

"இது வேணாங்க. என்னையத் தேடுது."

"வளர்க்கிறவனைத் தேடாம அடுத்த வீட்டுக்காரனையா தேடும்?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. புடவையிலேயே சுருண்டு கிடந்து, அவரை ஏறெடுத்தும் பார்க்காத கறுப்புப் பெட்டைக் குட்டியைக் காட்டி, "இவதான்" என்றார். இந்த மனுஷனுக்கு நாய் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பலுக்கு நாள் இருந்தது. பிளைவுட் துண்டுகளைச் சேகரித்து, கால் வைத்த பெட்டி ஒன்று செய்தார். பூரான் ஏறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் தண்ணீர் ஊற்றி வைக்க நாலு டப்பா. கப்பல் டெக்கில் உப்புத்தண்ணீர் அடிக்குமே என்று மேலே சாக்கு. உள்ளே அந்தப் புடவை. குட்டியைப் பாலிலிருந்து கஞ்சிக்குப் பழக்கச் சொன்னார். ஊட்டியது என் மனைவி. அவர் விரலைக்கூட நக்கவிடவில்லை. பெயர் வைக்கச் சொன்னதற்கு, "அவ வைப்பா" என்றதோடு சரி.

அவரைக் கப்பலேற்றப் போனபோது துறையில் எனக்குப் பொறுக்கவில்லை. "பிடிக்காத நாயை எதுக்கண்ணே சுமந்துட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"டாக்டர் கைய விரிச்சிட்டாருங்க. ஒரு மழைக்காலம் தாண்டுனா பெருசாம்" என்றார். அவரே தொடர்ந்தார். "சிலோன்ல எங்க நாய் மணி, நாங்க ஏறுன லாரிக்குப் பின்னாலயே ஓடியாந்திச்சு. அப்புறம் சோறு திங்காமலே கெடந்து செத்துப்போச்சாம். பின்னால வந்தவங்க சொன்னாங்க. இன்னொரு நாய் எனக்காகப் பட்டினி கெடக்க வேணாம். நான் போனாலும் இது திங்கணும். இது திங்கிறதப் பார்த்து அவளும் திங்கணும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டச் சொல்ல ஏலாதுங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒருமுறை ஆபீஸ் வேலையாகக் கட்சால் போனபோது லயத்துக்குப் போனேன். "இதையும் ஒருநாள் விட்டுட்டுப் போறதுக்கா?" என்று லெட்சுமி அக்கா முதலில் குட்டியைத் தொடவே இல்லையாம். முத்தையா அண்ணனும் தொடவில்லை. பசியில் கத்துகிற குட்டிக்கு யாராவது கஞ்சி ஊற்றத்தானே வேண்டும்? முணுமுணுத்துக்கொண்டே அக்காதான் ஊற்றியிருக்கிறார். நான் பார்த்தபோது தட்டோடு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். "நான் ஒரு வாய் தின்னாத்தான் இந்தக் கறுப்பி ஒரு வாய் தின்பா. பெரிய மகாராணி!" என்றார். முத்தையா அண்ணன் வாசலில் எங்களுக்கு முதுகு காட்டி, பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வாலாட்டிக்கொண்டு வந்த கறுப்பியை, "போ, அங்க போ" என்று விரட்டினார். விரட்டியபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். நாயை வாரி மடியில் போட்டுக்கொள்ள அந்த மனுஷனுக்கு எவ்வளவு ஆசை இருந்தது! எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாவுச் செய்தி சொன்ன அன்று, துறையில் வீரன் கிளம்புமுன் ஒன்று சொன்னார். "அந்த நாய் இருக்கே, நன்றி கெட்டதுங்க. பொணத்தத் தூக்குறப்பக்கூட எந்திரிக்கல. சாயங்காலம் அக்கா பக்கத்துல உக்காந்து சோறு திங்கிது!"

"அக்கா?" என்றேன்.

"அவங்களுந்தான். அது மொகத்தப் பார்த்துக்கிட்டே ரெண்டு வாய் தின்னாங்க."

லயத்துக்காரர்களே, கறுப்பியைத் திட்டாதீர்கள். அவர் ஆசைப்பட்டது நடந்திருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது லெட்சுமி அக்கா தின்ற அந்த இரண்டு வாய்ச் சோறுதான்.