பின்னட்டையில் உள்ள கிண்ணத்தை அக்கா தொடவில்லை

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எங்கள் மூத்த அக்கா சாய்ந்திருக்கிறார். மடியில் ஒரு கிண்ணம் நண்டுச் சாறு. கீழே பொன்னிற எழுத்தில், கடைசிவரை ரசித்து உண்டவர், பிறரை உண்ணச் செய்து மகிழ்ந்தவர் என்று போட்டிருக்கிறது. அந்தச் சாற்றை வைத்தது நான். படத்தை எடுத்ததும் நான். அந்தக் கிண்ணத்தில் இருந்து அக்கா ஒரு கரண்டிகூடக் குடிக்கவில்லை என்பது தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

கனடாவில் இருக்கும் பெரியண்ணன் அட்டையை அங்கேயே செய்து அனுப்பினார். அக்காவின் கைப்பக்குவத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்று என்னிடம் சொன்னார். உள்பக்கங்களை அச்சகத்தில் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆகவே அண்ணனும் இதை உங்களோடு சேர்ந்துதான் வாசிக்கப் போகிறார். அவருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கு ஒரு வருடமாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்கா பிறந்தது செட்டிபாளையத்தில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அப்பா வாவியில் வலை போட்டுக் குடும்பத்தைக் காத்தார். அம்மாவுக்கு முட்டு வருத்தம். விறகுப் புகை பட்டால் மூச்சுத் திணறும். அதனால் பன்னிரண்டு வயதில் அக்கா குசினிக்குள் போனார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. இந்த மாதிரி மலர்களில், இளம் வயதிலேயே குடும்பப் பொறுப்பை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார் என்று எழுதுவார்கள். மகிழ்வோடுதானா என்று அக்காவிடம் யார் கேட்டுப் பார்த்தது? நான் கேட்டதில்லை. எனக்கு முதல் சோறு ஊட்டியவர் அக்கா. அதற்குப் பிறகு அவர் ஆக்கியதைத் தின்பதுதான் என் வேலையாக இருந்தது.

வளர்ந்த பிறகு நகரத்து ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக அக்காவுக்கு வேலை கிடைத்தது. விடியமுன் எழும்பி எங்கள் எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவார். வந்து திரும்பவும் சமைப்பார். சண்டைக் காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலை மண்டபத்தில் கிடந்தபோது, மூன்று கல்லை வைத்து எங்களுக்கும் பக்கத்துப் பாயில் படுத்தவர்களுக்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சியவர் அவர். கடல் ஊருக்குள் வந்து குசினியை அள்ளிக்கொண்டு போனபோதும், தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே முதலில் அடுப்பைத்தான் மூட்டினார். அத்தான் நல்ல மனிதர், தச்சுவேலை செய்தவர். அவரும் வேளைக்குச் சோற்றுக் கோப்பை முன்னால் வந்து உட்கார்ந்தாரே தவிர அடுப்படிப் பக்கம் வந்ததில்லை. பிள்ளைகள் இல்லை. அத்தான் கண்மூடிய பிறகு அக்கா தனியாக, நாலைந்து கோழிகளோடு, அந்த வீட்டிலேயே இருந்தார்.

ஊரடங்குக் காலத்தில்தான் எங்கள் வாட்ஸ்அப் குழு தொடங்கியது. ஒவ்வொருவரும் வீட்டில் என்ன சமைக்கிறோம், என்ன சாப்பிடுகிறோம், என்ன குடிக்கிறோம் என்று தினமும் ஒரு படம் போட வேண்டும் என்பது பெரியண்ணனின் யோசனை. லண்டனில் இருக்கும் சின்னண்ணன் பியர் போத்தலைப் போட்டார். பெரியண்ணனின் மனைவி, எங்கள் மச்சாள், பீட்சாவைப் போட்டார். அக்கா மாங்காய் போட்ட திரளி மீன் குழம்பைப் போட்டார். அத்தோடு மற்றவர்களின் கதை முடிந்தது. பத்து நாளில் படம் போடுவது அக்கா ஒருவர் மட்டும் என்றானது. பார்ப்பதற்கு மட்டும் நாற்பது பேர் சேர்ந்தார்கள். மச்சாளின் சொந்தக்காரர்களும் உள்ளே வந்தார்கள். குழுவின் பெயரையும் 'அக்காவின் அடுப்பு' என்று அண்ணன் மாற்றிவிட்டார்.

பிறகு கட்டளைகள் வரத் தொடங்கின. நாளைக்கு இறால் போடுங்கள் அக்கா. புட்டு குழலில் இருந்து விழுவதை வீடியோ எடுங்கள் அக்கா. ஆஸ்பத்திரித் தரையில் முப்பது வருடம் நடந்து தேய்ந்த முழங்கால் அவருடையது. நின்று சமைக்கட்டும் என்று நான் ஒரு காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். அது படத்துக்கு எடுபடாது, விறகடுப்புத்தான் ஊர் மணம் தரும் என்று மச்சாள் எழுதினார். அக்கா திரும்பவும் விறகடுப்பின் முன்னால் குந்தினார். அந்தப் படத்துக்கும் நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். நானும் போட்டேன்.

படம் எடுத்து முடிந்த பிறகு அந்தக் கறி எங்கே போனது என்று உங்களில் யாராவது ஒருநாள் கேட்டதுண்டா? பாதி என் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தில் இருந்து வெறும் பாத்திரங்களோடு போவேன். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்து, பாத்திரங்களையும் நிரப்பித் தருவார். மிச்சம் பக்கத்து வீடுகளுக்குப் போகும். இறால் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது. தொட்டாலே கையெல்லாம் தடித்துவிடும். பிளாஸ்டிக் சொப்பின் பையைக் கையில் கட்டிக்கொண்டுதான் இறால் உரிப்பார். அந்தக் கையும் ஒரு படத்தில் இருக்கிறது. அதன் கீழே எட்டுப் பேர், அக்காவின் சுத்தத்தைப் பாருங்கள் என்று மெச்சி எழுதியிருக்கிறீர்கள். நான் இப்போதும் அதை எடுத்து வாசிப்பதுண்டு.

அப்படியானால் அக்கா என்னதான் சாப்பிட்டார்? சொல்கிறேன். காத்தான்குடியில் இருந்து காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரியில் சுட்ட பாண் விற்கும் ஓட்டோ ஒன்று எங்கள் ஊருக்கு வரும். அதைக் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரியை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் அக்கா ஒரு அச்சுப் பாண் வாங்குவார். ஓரம் நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். அதைத் தடிப்பாக வெட்டி, ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழத்தோடு, சீனி போட்டுப் பால் விடாத பிளேன்டீயில் தோய்த்துத் தின்பார். காலையிலும் அதுதான், பல நாள் பின்னேரமும் அதுதான். ஆஸ்பத்திரியில் வேலை செய்த காலத்தில் தொற்றிக்கொண்ட ருசி அது.

ஒருநாள் அதையே படம் எடுத்துக் குழுவில் போட்டார். இரண்டு துண்டுப் பாண், ஒரு பழம், பேணியில் பிளேன்டீ. இதுதான் இண்டைக்கு, நல்ல ருசி என்று கீழே எழுதியிருந்தார். அத்தனை வருடத்தில் தான் உண்மையாகவே சாப்பிட்டதை அக்கா எங்களுக்குக் காட்டியது அந்த ஒரு தடவைதான். பிறகு பெரியண்ணனின் குரல் பதிவு குழுவில் வந்தது.

"அக்கா, இத அழிச்சிருங்க. மச்சாள்ர ஆக்களும் இதுக்குள்ள இரிக்காங்க. உங்களச் சாப்பாட்டுக்கும் வழியில்லாம விட்டிரிக்கம் எண்டு நினைப்பாங்க."

அக்கா அழித்துவிட்டார். அடுத்த நாள் நண்டுக் குழம்பு வந்தது. நாற்பது பேரும் நிம்மதியாக மூச்சு விட்டீர்கள். என்னையும் சொல்கிறேன். அந்தப் பாண் படத்துக்கு நான் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கேட்டேன்.

"ஏனக்கா அழிச்சீங்க?"

"தம்பி சொன்னான், அழிச்சிற்றன். மறுகா என்ன?"

"உங்களுக்குக் கவலையில்லையா?"

அக்கா என் பாத்திரத்தில் நண்டை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"எனக்குப் பாணில ஏன் விருப்பமெண்டு தெரியுமாகா உனக்கு? அத நான் ஆக்கத் தேவல்ல. ஆரோ ஒராள் எனக்கு ஆக்கித் தாற சாமான் அது ஒண்டுதான். கையக் கழுவிற்றுக் குந்தித் திண்டாச் சரி. நண்டு வேணுமெண்டா நான்தானே நண்டு உடைக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தச் சொல் எனக்கு உறைக்க அக்கா சாக வேண்டியிருந்தது.

போன வருடம் நோய் வந்து முற்றி, தான் வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில் அக்கா படுத்தார். அவரைத் தெரிந்த தாதிமார் கண்ணாகப் பார்த்தார்கள். குழுவில் எல்லோரும், அக்காவுக்கு நல்ல சாப்பாடு கொடுங்கள், நண்டுச் சாறு கொடுங்கள், உடம்பு தேறும் என்று எழுதினீர்கள். அக்கா போட்ட பழைய படத்தைத் தேடி எடுத்து, அதன் கீழே அவர் எழுதியிருந்தபடியே நான் நண்டுச் சாறு வைத்துக்கொண்டு போனேன். தலையணையை நிமிர்த்தி, மடியில் கிண்ணத்தை வைத்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

"பாண் கிடைக்குமாகா?"

"ஓமக்கா, நாளைக்குப் பாப்பம். இப்ப இதில ஒரு வாய் குடிங்க. இஞ்ச பாருங்க, அண்ணாக்குப் படம் அனுப்பணும்."

என்னைப் பார்த்தார். படம் எடுத்தேன். அக்கா நல்லாச் சாப்பிடுறா என்று எழுதி அனுப்பினேன். குழு முழுக்க இதயம் பறந்தது. கீழே சிற்றுண்டிச்சாலையில் பாண் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நான் மாடி ஏறியிருந்தேன். இறங்கி வாங்கி வர ஐந்து நிமிடம் போதும். அடுத்த நாள் அக்காவால் எதையும் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். அந்தப் படம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பின்னட்டை.

இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் எட்டாம் நாள் இலையில் படைப்பது எங்கள் வழக்கம். அண்ணன்மாரும் மச்சாளும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு என்னென்ன விருப்பம் என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. போனைத் திறந்து குழுவில் இருந்த படங்களைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். நண்டு, திரளி, கோழி, கணவாய், புட்டு, தயிர் என்று இலை கொள்ளாமல் வைத்தார்கள். நடுவிலே இறால். தொட்டால் கை தடிக்கும் மனுஷிக்கு ஒரு குவியல் இறால். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று காலை பாண்கார நானா ஓட்டோவின் பாட்டை நிற்பாட்டிவிட்டு வாசலுக்கு வந்தார். கடதாசியில் சுற்றிய ஒரு பாணை என் கையில் தந்தார்.

"இத அக்காக்கு வைங்க. ஓரம் சிவந்ததாப் பாத்து எடுத்து வந்த. அக்கா வேற எதுவும் கேக்க மாட்டா."

எங்கள் குடும்பத்தில் நாற்பது பேருக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாணை உள்ளே கொண்டுபோனேன். படையலுக்குள்ளே கடைப் பாணா, ஆட்கள் சிரிப்பார்கள் என்று மச்சாள் வாங்கி ஒரு பக்கமாக வைத்தார். பின்னேரம் அதைப் பிய்த்துக் கோழிகளுக்குப் போட்டிருந்தார்கள். அக்கா விரும்பியதை அவருடைய கோழிகள் தின்றன. ஒத்துக்கொள்ளாததை நாங்கள் அவருக்குப் படைத்தோம். இதைவிட வெட்கக்கேடு ஒரு குடும்பத்துக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இப்போது ஆண்டுத் திவசத்துக்கும் அண்ணன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். அதிலும் இறால் இருக்கிறது. அண்ணன், அந்தப் பட்டியலை நான் கிழித்துவிட்டேன். நீங்கள் அக்காவில் வைத்த பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்களுக்கும் எனக்கும் அக்கா என்றால் வாய்க்குள் போகும் ஒன்றாகவே இருந்துவிட்டார். அவருடைய வாய்க்குள் என்ன போனது என்று நாம் பார்க்கவில்லை. ஒருநாள் அவராகவே காட்டினார். அதையும் அழிக்கச் சொன்னோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உறங்கப் போன நேரங்களிலும் அக்காவின் அருகில் இருந்த தாதிமாருக்கும், பந்தல் போட்டுத் தண்ணீர் அள்ளி எல்லா வேலையையும் தம் வீட்டு வேலையாகச் செய்த ஊராருக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாண்கார நானாவுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது. அவர் தந்ததை நாங்கள் என்ன செய்தோம் என்று அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், திவசத்தன்று முதல் பாண் அக்காவுக்குத்தான் என்றார்.

இந்த மலர் திவசத்துக்கு முன்பே உங்கள் கைக்கு வருவதால், அன்றைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன். கறி இல்லை. சோறு இல்லை. விறகடுப்பு மூட்டப்படாது. பசியோடு வருபவர்கள் உங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சமைப்பது எப்படி இருக்கும் என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். படம் எடுக்க ஒருவரையும் விடமாட்டேன். இலையில் ஓரம் சிவந்த பாணும் கோழிக்கூட்டுப் பழமும் ஒரு பேணி பிளேன்டீயும் மட்டும் இருக்கும்.

பிளேன்டீயை நான் ஊற்றுவேன். ஐம்பத்தைந்து வயதில், என் அக்காவுக்கு நான் ஊற்றிக் கொடுக்கும் முதல் தேத்தண்ணி அதுதான்.

அக்காவின் கடைசித் தங்கை