கோட்டையைப் பிடித்தது யார்?

இரண்டு மாநிலங்களுக்கும் நடுவில், எல்லையை ஒட்டி நின்ற கோட்டையைச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. கழுத்தில் எப்போதும் ஒலிபெருக்கி தொங்கியதால் எல்லோருக்கும் அவர் ‘மைக் அண்ணன்’.

அப்பா இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். சின்ன வயதில் சித்தப்பா வீட்டில் அவரை ‘அந்தப் பக்கத்துப் பிள்ளை’ என்பார்கள். மாமா வீட்டுக்குப் போனால் ‘இந்தப் பக்கத்துப் பிள்ளை’. இரண்டு பாஷையும் சரளமாக வந்ததுதான் மிச்சம். அதை வைத்துத்தான் வேலையும் கிடைத்தது.

இங்கிருந்து கூட்டம் வந்தால், கோட்டையைப் பிடித்தது இந்தப் பக்கத்து ராஜா. அங்கிருந்து வந்தால், அந்தப் பக்கத்து ராஜா. இரண்டு மாநிலப் பாடப்புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். அவர் தொண்டைதான் வறண்டது.

ஒரு நாள் உச்சிவெயிலில் இரண்டு கூட்டமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வேறு ஆளில்லை. எதையும் இரண்டு பாஷையிலும் சொல்ல வேண்டியிருந்தது. அலுப்பில் பழக்கதோஷமாக, ஒரு பாஷையில் ஒரு ராஜாவையும் மறு பாஷையில் இன்னொருவரையும் ஜெயிக்க வைத்துவிட்டார்.

கூட்டத்தில் எல்லை தாண்டிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு இரண்டு பாஷையும் புரியும். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“எதுக்குச் சிரிக்கிற?” என்றான் புருஷன்.

“ரெண்டு ராஜாவும் ஜெயிச்சுட்டாங்களாம்!”

அவ்வளவுதான். அவளோடு வந்திருந்த அண்ணனும் புருஷனும் மல்லுக்கு நின்றார்கள். கோயில் யார் கட்டியது, பாஷையில் எது மூத்தது, சமையலில் யார் யாரைப் பார்த்துக் கற்றது என்று பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் இருவரும் மைக் அண்ணன் பக்கம் திரும்பினார்கள்.

“உண்மையைச் சொல்லுங்க, யாரு ஜெயிச்சா?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“நீங்க எந்தப் பக்கம்? அதையாவது சொல்லுங்க!”

“தொண்டை கட்டிப்போச்சு, சாமி. கொஞ்சம் நிழல்ல உக்காருங்களேன்” என்று படிக்கட்டில் அவரே முதலில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“எங்க வீட்லயும் தினம் இதே கூத்துதாண்ணே. குடிங்க.”

புகார் இரண்டு பக்கமிருந்தும் போனது. அந்த விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. மேலாளர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு அவரை நுழைவுச்சீட்டுக் கூண்டில் உட்கார வைத்தார்.

“வருத்தமா இருக்கா?” என்று மனைவி கேட்டாள்.

“இல்லம்மா. வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுக்கும் சம்பளம் தர்றாங்க” என்றார். சொன்னவர் சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்துவிட்டுப் படுக்கப் போனார்.