தெரிந்தவருக்கு டிப்ஸ்

பெங்களூரு தொம்மலூர் ஓட்டலில் இன்று பில் வைத்த தட்டிலிருந்து சோம்பு வாசனை எழுந்தது. டிப்ஸ் எவ்வளவு வைப்பது என்ற யோசனையை விட்டுவிட்டு, என் சின்ன வயதில் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த, இப்போது இல்லாத ஓர் ஓட்டலுக்கு நினைவில் போய்விட்டேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஈரத்துணியால் துடைத்த பளிங்கு மேசையில் அம்மாவும் நானும் உட்கார்ந்ததும், மாதா கோயில் பாடகர் குழுவில் அம்மாவோடு பாடும் அந்தோணி மாமா வெள்ளைச் சீருடையில் வந்து, எங்களை முன்பின் பார்த்திராதவர்போல், "என்ன வேணும் மேடம்?" என்பார், அம்மாவும் அப்படியே மசால் தோசை சொல்லி, சாப்பிட்டு எழும்போது தட்டில் இரண்டு ரூபாய் வைப்பார். கோயிலில் "அக்கா" என்பவர் இங்கே ஏன் "மேடம்" என்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் ஒருநாள், பொறுக்காமல் "அந்தோணி மாமா!" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். தட்டை எடுக்க வந்தபோது காசை அம்மா பக்கம் தள்ளினார்.

"இன்னாக்கா, நமக்குள்ள போயி..."

அவருக்குப் பள்ளியில் படிக்கும் மூன்று பிள்ளைகள்; அது ஃபீஸ் கட்டுகிற மாதம். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினார்.

"இங்க நான் மேடம்தானேப்பா. எடுத்துக்கோ."

அவர் முதுகை நிமிர்த்தி நின்றார்.

"அப்ப சரி, மேடம்."