ஹிந்தி என்று சொல்லிவிட்டேன்

ஓரிடத்தில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாக ஆடும். உண்மையை மறைத்து வைத்திருந்த அந்த இருபது நாளும் அது நிற்கவே இல்லை. நின்றுகொண்டிருந்தாலும் உள்ளுக்குள் ஆடுவது போலவே இருந்தது.

செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் வண்டியில் நான் ஏற்றி இறக்கும் ஆள். பதினெட்டு வருஷமாக மாடிப்படி ஏறி முட்டி தேய்ந்துவிட்டது. டிரைவர் தசராவோடு வேலையை விட்டு ஊருக்கே போகிறார் என்றானதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். காலி மைதானத்தில் நான் வண்டி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். முதலில் எல்.எல்.ஆர். எடு, தசரா வரைக்கும் பார்ப்பேன், இல்லாவிட்டால் வேறு ஆள்தான் என்று தெலுங்கில் சொன்னார். எல்.எல்.ஆருக்குக் கம்ப்யூட்டரில் கேள்வி வரும். படித்துப் பார்த்து பதிலை அமுக்க வேண்டும். தமிழில் வராது; இருபதில் பன்னிரண்டு சரியாக இருந்தால் பாஸ்.

நான் தமிழில் ஐந்தாவது வரை படித்தவன். நாலாவதில் வாத்தியார் என் நோட்டை வகுப்பு முழுக்கத் தெரியும்படி தூக்கிப் பிடித்து, "இவன் மண்டையில ஒண்ணும் ஏறாது" என்றார். நான் நம்பிவிட்டேன். நம்பிய பிறகு வாழ்க்கை லேசானது என்பதையும் சொல்ல வேண்டும். யாராவது ஃபாரத்தை நீட்டினால், "நமக்கு மண்டை கிடையாதுங்க" என்று சிரிப்பேன். அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

என் மனைவி வேறு மாதிரி. மெட்டுகுடாவில் ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை செய்கிறாள். பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்தே தெலுங்கு படிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் தப்பான பஸ்ஸில் ஏறி அல்வாலில் போய் இறங்கினாள். நானாக இருந்தால் அதை மறைத்திருப்பேன். அவள் தெருவைக் கூட்டிச் சொன்னாள்: "போர்டுல பாதிதான் படிச்சேன். மீதிப் பாதி அல்வால் போயிதான் தெரிஞ்சுது!"

அவளுக்கும் ஸ்கூட்டர் ஓட்ட ஆசை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பதிவு செய்தாள். அதற்கு முன் ஒரு மாதம் பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்து எனக்கும் போர்டு படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். மெதுவாக எனக்கும் படிக்க வந்தது. வந்ததை நான்தான் நம்பவில்லை.

பரீட்சை நாளன்று எனக்கு முன்னால் நின்ற அவள் "தெலுங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்து நான். மேஜையில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"கோன்ஸி ஜபான்?"

எந்த மொழி என்று ஹிந்தியில் கேட்டார். கேட்ட பாஷையின் பேரையே என் வாய் பதிலாகச் சொன்னது. "ஹிந்தி."

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஹிந்தி பேசுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் எனக்கு அதில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. திரையில் கொடியில் துணி காயப்போட்டது போல எழுத்துகள் தொங்கின. அந்த மனிதர் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். வாய் திறக்கவில்லை. சாலைக் குறிகளின் படம் வந்தபோது தெரிந்ததை அமுக்கினேன். மற்றதற்குக் கை போன இடத்தில் அமுக்கினேன்.

வெளியே அவள் காத்திருந்தாள். அவளும் ஃபெயில்.

"எனக்கு ஏழு. ஒங்களுக்கு?"

"ஆறு."

"அட, ஒண்ணுதான் கம்மி! எவ்ளோ பெரிய பெரிய வார்த்தையா போடறான் பாருங்க. இண்டிகேட்டர்னு போட்டா ஆவாதா? ஒங்களுக்கு இன்னா கேட்டான்?"

"ஞாபகம் இல்ல. நமக்கு மண்டை ஏது?"



இந்த ஒரு தடவை அது பொய் என்று எனக்குத் தெரியும். தோற்றது மண்டை இல்லை, வாய். ஆனால் மண்டை இல்லை என்று சொல்வது பழகிப்போயிருந்தது. வாயைத் திறக்கப் பயந்தேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. வேலையில் ஒவ்வொரு தோளிலும் ஒரு கேனாக ஏற்றிக்கொண்டு படியில் ஓடினேன். முதலாளி தினமும், "ஏமய்யா, அயிந்தா?" என்று கேட்பார். முடிந்துவிடும் சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அடுத்த பரீட்சை நாளில் முட்டி வலி என்று படுத்துக்கொண்டேன். அவள் தனியாகப் போய் பாஸாகி வந்தாள்.

அன்று சாயங்காலம் முதலாளி போன் செய்தார். நான் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "ஆயனகி சதுவு ராது அண்ணா."

அவருக்குப் படிப்பு வராது அண்ணா. முப்பது வருஷமாக நானே ஊரெல்லாம் சொன்னதுதான். அவள் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கேலி இல்லை, பரிதாபம். அவளும் நம்பிவிட்டாள்.

"ஹிந்தினு சொல்லிட்டேன்!" என்று கத்தினேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "இன்னா?"

"அவன் ஹிந்தில கேட்டான். நானும் ஹிந்தினுட்டேன். எல்லாம் ஹிந்தில வந்துச்சு."

"மாத்தச் சொல்றதுதானே?"

"பின்னால ஆளுங்க நின்னாங்க."

என்னையே பார்த்தாள். "ஒரு எழுத்தும் தெரியாத பாஷைலயா ஆறு வாங்கனீங்க? தெரிஞ்ச பாஷைல நான் ஏழு!" சிரித்தாள். உடனே கோபமும் வந்தது. "இத்தினி நாளா வாயில இன்னா கொழுக்கட்டையா? நான் அந்தாளுகிட்ட இன்னா சொல்லிட்டேன் பாருங்க. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

போனை என் கையில் திணித்தாள். தப்பான பாஷையைச் சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை போகிறேன் என்று நானே சொன்னேன். சரி, தசரா வரைக்கும்தான் என்றார் அவர்.

நேற்று மறுபடி போனேன். அதே மேஜை, அதே கேள்வி. "தெலுங்கு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, அவர் நிமிர்ந்து பார்த்தார். பழகிய எழுத்துகள் வந்தன. பல கேள்விகளை நான் முழுதாகப் படித்து முடிப்பதற்குள் நேரம் ஓடி அடுத்தது வந்துவிட்டது. படித்து முடித்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் பாஸுக்கு இரண்டு குறைந்தது.

வெளியே வந்ததும் முதலாளிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். இரண்டு கம்மி சார், அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.  "சரே" என்றார் அவர்.

தசராவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கால் ஆடிக்கொண்டிருக்கிறது. பஸ் வந்து நின்று கிளம்புவதற்குள் போர்டை முழுக்கப் படித்துவிட முடிகிறதா என்று பார்க்கிறேன். சிலது முடிகிறது. சிலது பாதியில் போய்விடுகிறது.