இரண்டு முறை எழுதிய வினை

என் அக்கா சாஜிதாவுக்கு வானத்தில் வேலை. ஏற்காடு பஜாரில் எங்கள் அத்தா பஷீர் அகமதுவின் மளிகைக் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே உறைந்து கிடக்கும் மேகங்களைக் கணினியில் சமைக்கிறாள். வீட்டில் ஒரு ரசம் வைக்கத் தெரியாது.

அந்த மேகங்களில் இரண்டு வகை நைட்ரஜன் உண்டாம்; ஒன்று லேசு, ஒன்று கொஞ்சம் கனம். ஒரு மூலக்கூறில் கனமானது ஒன்றுக்கு லேசானது ஆயிரம் என்று தொலைநோக்கி காட்டுகிறது. அக்காவின் கணக்கோ ஐந்து வருடமாக நானூறைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. அது ஒத்து வந்தால்தான் இந்த மாதம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்க முடியும்.

போன செவ்வாய்க்கிழமை காலை மாடியில் ஒரே கூச்சல். ஆயிரம் வந்துவிட்டது! அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் நல்ல சேதி என்றால் பஜாருக்கே இனிப்பு கொடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோ பூந்தி காலி. சேலம் பஸ் கண்டக்டர் வரைக்கும் நைட்ரஜன் தெரிந்துவிட்டது.

மத்தியானம் அக்கா முகம் வெளுத்துப்போய் இறங்கி வந்தாள். கனமான வகையை அழிக்கும் வேதிவினை ஒன்றை, கணினிக்குக் கொடுத்த பட்டியலில் தவறுதலாக இரண்டு முறை எழுதியிருக்கிறாள். அது கூடுதலாக அழிந்ததால்தான் ஆயிரம் வந்திருக்கிறது.

"ஏக்கா, யாரு பாக்கப் போறாங்க? சும்மா இரு."

ஆமாம், நான்தான் அப்படிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"வாய மூடு ஹசீனா" என்றவள், ஆய்வு வழிகாட்டி ஹேமலதா மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

மேடம் திட்டவில்லை. "ஒத்து வந்துச்சுன்னு எழுத முடியாதும்மா. ஆனா ரெண்டு வகையும் ஒரே வேகத்துல அழியும்னு நாமளா வெச்சுக்கிட்டதுதானே? அளந்தா பாத்தோம்? கனமானது நெஜமாவே வேகமா அழியுதோ என்னவோ. அதையே கேள்வியா எழுது. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

ஒரு வருடம்! அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்.

அத்தா செருப்பை மாட்டினார். பூந்தி கொடுத்த கடைகளுக்கெல்லாம் போய் உள்ளதைச் சொல்லப் போகிறாராம். மானம் போகிறதே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

எதிர்க்கடையில் மிளகு மூட்டையோடு நின்ற கொட்டச்சேடு ஊர்ப் பெரியண்ணனிடம்தான் முதலில் நின்றார்.

"காலைல சொன்னது தப்புங்க."

"அடடா! ஆருங்க பாய் கண்டுபுடிச்சது?"

"எம்புள்ளயேதானுங்க" என்றார் அத்தா, பஜாருக்கே கேட்கிற மாதிரி. "மறைச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க."