மொழி எடுக்க வந்த ஆபீசர்

பயம் வந்தால் என் மூளை லீவு போட்டுவிட்டுப் போய்விடும். வாய் மட்டும் டூட்டியில் இருக்கும். ஐம்பதை நெருங்கும் இப்போதும் அப்படித்தான். பாங்கிலிருந்து போன் வந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் ஒப்பித்துவிடுவேன். இந்த வியாதி எனக்கு எட்டு வயதில், கேரள எல்லையில் வேலந்தாவளத்துப் பக்கம் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்து முற்றியது.

அப்பா நூல்மில்லில் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை பழக்குவதும் அவர் பொறுப்பு. அந்த வருஷம் சூப்பர்வைசர்களுக்கே ஒரு பயிற்சி வைத்தார்கள். போய் வந்தவர் வாயில் ஒரே வாசகம்: "மொதல்ல நிறுத்து, அப்புறம் கை வை." உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். அவித்த கடலைக்கு நான் கை நீட்டினாலும் அதே வாசகம்தான்.

வகுப்பில் அப்படி; ஷிப்டில் வேறு. உற்பத்தி குறைந்தால் மேனேஜர் அப்பாவைக் கிழிப்பார். அப்பா மெஷின்களுக்கு நடுவே நடந்தபடி, "நிறுத்தாம எடு புள்ள, நிறுத்தாம எடு" என்பார். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கி அப்பாவிடம்தான் வேலை பழகினாள். வேலை விட்டு வந்து அப்பா மாதிரியே நடந்து காட்டுவாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார்.

சித்தியின் வேலைப் பயிற்சி முடியும் முன்பே ஒருநாள் அவள் வலது கை உருளைக்குள் போனது. இரண்டு விரல்கள் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு அப்பா இரண்டாவது பயிற்சியை ஆரம்பித்தார்.

"யாரு சொல்லிக் கை வெச்சே?"

"யாரும் சொல்லலீங் மச்சான். நானாத்தான்."

"மச்சான்னா கெட்டுது. சூப்பர்வைசருன்னு சொல்லோணும். இன்னொருக்கா சொல்லு."

சித்தி இன்னொருக்கா சொன்னாள். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "இவரு வேலை போச்சுன்னா நாம அத்தனை பேரும் எங்கடி போறது?" என்றாள். அப்பா கடைசியாகச் சொன்னார்: "லேபர் ஆபீசர் மொழி எடுக்க வாராரு. எப்படிக் கேட்டாலும் மொழி மாறக்கூடாது."

எங்கள் பக்கத்தில் ஆபீஸ் வார்த்தைகள் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். மொழி என்றால் வாக்குமூலம். எனக்குத் தெரிந்த மொழியோ பள்ளிக்கூடத்து மொழி. தமிழ்ப் பரீட்சைத் தாளில் நடுநடுவே மலையாளம் எழுதியதற்காக வாத்தியார் திருகிய காது அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே எனக்கு விஷயம் தெளிவாக விளங்கிவிட்டது: சித்தி சுத்தத் தமிழ் பேசுகிறாளா என்று சோதிக்க ஒருவர் வருகிறார். மலையாளம் கலந்தால் தொலைந்தாள். என் சித்தி பேச்சிலோ பாதி மலையாளம். தனியாகக் கூப்பிட்டு, "சித்தி, மதின்னு சொல்லீராதீங்க, போதும்னு சொல்லுங்க" என்று எச்சரித்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத்தான் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். "பேடிக்கண்ட, மொழி எடுக்கான் வந்நதா" என்றார். பயப்பட வேண்டாமாம்! வந்ததும் வராததுமாக மலையாளத்தை வைத்துத் தூண்டில் போடுகிறாரே! அடுத்து என்னையும் சோதிப்பார். ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். அங்கே பரப்பியிருந்த சின்ன வெங்காயம் நனைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கிருந்து பார்த்தால் கால்கள் மட்டும்தான். ஆபீசரின் பூட்ஸ், சித்தியின் வெறுங்கால்கள், கதவோரம் அப்பாவின் கால்கள். அப்பாவின் ஒரு கால் கட்டைவிரல் மற்றொரு காலை அழுத்திக்கொண்டே இருந்தது.

ஆபீசர் நல்ல மாதிரி மனிதர். மெஷினை நிறுத்த வேண்டாமென்று யாராவது சொன்னார்களா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆராவது நிறுத்தண்டான்னு பறஞ்ஞோ? தைரியமா சொல்லு மோளே. சத்தியம் பறஞ்ஞா நஷ்டஈடு கிட்டும்."

சித்தி உடைந்து அழுதாள். அழுகையோடு, "ஞான் நிறுத்தான் போயதா சாரே... அப்போ சூப்பர்வைசரு..." என்றாள்.

மெஷினை நிறுத்தத்தான் போனாளாம். எனக்குக் கேட்டதோ மலையாளம்! போயிற்று, எல்லாம் போயிற்று. கட்டில் சட்டத்தில் தலை மோத வெளியே உருண்டு வந்து கத்தினேன்: "சித்தி, மொழி மாறீட்டீங்க! மொழி மாறக்கூடாதுன்னு அப்பா சொன்னாருல்ல!"

ஆபீசர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். சித்தி மட்டும்தான் என்னைப் பார்த்தாள், தலையில் வெங்காயத் தோலும் நனைந்த கால்சட்டையுமாக நின்றவனை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் சொல்லலீங்க சார். நானாத்தான் கை வெச்சேன்."

தமிழ். சுத்தமான தமிழ். எனக்கு உயிர் வந்தது.

"ஒண்ணுகூடி ஆலோசிச்சுச் சொல்லு" என்றார் ஆபீசர், இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லி.

"போதுமுங்க" என்றாள் சித்தி.

எட்டாவது வரை படித்தவள், இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினாள்.

கற்றுக்கொடுத்ததைக் கேட்காதவள் என்று மில்லில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அப்பா அடுத்துச் சேர்ந்த பெண்களுக்கு வேலை பழக்கப் போனார். சித்தி முதலமடையில் ஒரு மாங்காய் மண்டிக்கு, தரம் பிரிக்கிற வேலைக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது இடது கையால் என் தலையைத் தடவி, "உன்னாலதான் கண்ணு உங்கப்பனுக்கு வேலை போகாம நிக்குது" என்றாள்.

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. வீட்டுக்கு ஓடி வந்தேன். கிணற்றடியில் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். சித்தி பாஸானதில் இந்த மனிதருக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! "அம்மா, அப்பா சந்தோசத்துல அழுவுறாரு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். அம்மா திரும்பவே இல்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.